எல்க் வேட்டைப் பை: எங்கே ஒழுகுது, எங்கே இழுக்குது, எப்படிச் சரிசெய்வது

அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங், மொன்டானா மலைகளில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போகிறவரின் பைக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. விடியும் முன் 10, 12 கிலோ சுமையோடு சத்தமில்லாமல் காட்டுக்குள் நுழைய வேண்டும். எல்க் விழுந்துவிட்டால் அதே பை 25, 30 கிலோ இறைச்சியைச் சுமந்து திரும்ப வேண்டும். காலை நடைக்கு அடுக்கிய பையில் மாலைச் சுமையை அப்படியே ஏற்றும்போதுதான் பாதித் தொல்லை தொடங்குகிறது. அதில் முதலில் அடிபடுவது தண்ணீர். ஆகவே பையை அடுக்கும்போதே இறைச்சி ஏறினாலும் நகர்த்தத் தேவையில்லாத ஓர் இடத்தைத் தண்ணீருக்கு ஒதுக்கிவிடுங்கள். கீழே உள்ள தீர்வுகளில் பல இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

முதுகோ பையின் அடியோ நனைந்திருக்கிறது

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். வியர்வை என்றால் முதுகில் படும் மெத்தை மட்டும் நனைந்திருக்கும், பைக்குள் கைவிட்டால் காய்ந்திருக்கும். சில்லென்ற ஓடைத் தண்ணீரை நிரப்பியிருந்தால் பிளாடரின் (குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் மெல்லிய தண்ணீர்ப் பையின்) வெளிப்பக்கம் முழுக்க ஒரே சீராக ஈரம் படியும். துடைத்தாலும் திரும்ப வரும், ஆனால் தேங்காது. கசிவு என்றால் ஈரம் ஓரிடத்தில் திரண்டு, பையின் அடியில் இருக்கும் சாமானை முதலில் நனைக்கும்.

கசிவுதான் என்று தெரிந்தால் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வீட்டில் ஒரு மணி நேரம் போதும். 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். செய்தித்தாளை விரித்து பிளாடரைப் படுக்கப் போடுங்கள். மேலே ஒரு பலகை வைத்து, பலகை மேல் 10 கிலோ அரிசிப் பையை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் பல கசிவுகள் வெளியே தெரியாது. பைக்குள் பிளாடர் அழுத்தத்தில்தான் இருக்கிறது, சோதனையிலும் அழுத்தம் வேண்டும். தாள் எங்கே நனைகிறது என்று பார்த்துக்கொண்டு இப்படிப் பிரியுங்கள்:

மூடி அருகே ஈரம்: திருகு மூடி என்றால் மரை மாறி ஏறியிருக்கும், அல்லது ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) மடங்கியிருக்கும், அல்லது அதில் மணல் ஒட்டியிருக்கும். ஓ-ரிங்கைக் கழற்றிக் கழுவி, அதன் காடியையும் துடைத்து மறுபடி போடுங்கள். மூடியை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள், 'டொக்' என்று மரை உட்காரும். அதன்பிறகு வலப்பக்கம் திருகினால் மரை மாறாது. மடித்துச் சறுக்கும் பட்டை போட்டு மூடும் வகை என்றால் வாயின் ஓரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, மடிப்பு கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். கை ஈரமாக, அவசரமாக மூடும்போது இந்தக் கோணல் சாதாரணமாக வரும்.

குழாய் சேரும் இடத்தில் ஈரம்: சொருகிக் கழற்றும் இணைப்பு என்றால் உள்ளே ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கும். அது காய்ந்து வெடித்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். உணவுக்கு உகந்த சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவினால் ஓ-ரிங் ஒரு சீசன் கூடுதலாக உழைக்கும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் கிரீஸ் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

வாய் வால்வில் சொட்டு: கடித்து உறிஞ்சும் சிலிகான் முனையில் இருக்கும் கீறல், பல் பட்டுப் பட்டு நாளடைவில் முழுசாக மூடாமல் போகும். புதிய முனை மாட்டுவதுதான் வழி. அதன் பின்னால் அடைக்கும் சுவிட்ச் உள்ள வகையை வாங்குங்கள். அது இல்லாத பிளாடரை வேட்டைப் பையில் வைப்பது வீண் வேலை.

தையல் அல்லது ஒட்டு ஓரத்தில் ஈரம்: ஒட்டு பிரிந்திருந்தால் அந்தப் பிளாடரை வீட்டுத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை என்றால் ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, முழுக்கக் காயவைத்து, கூடாரம் ஒட்டும் டேப்பை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். இது மலையிலிருந்து இறங்கும் வரைதான் தாங்கும். வீடு திரும்பியதும் வேறு வாங்குங்கள்.

சோதனையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆனால் மலையில் மட்டும் ஒழுகுகிறதா? அப்படியென்றால் பிளாடர் நல்லது, வைத்த இடம்தான் தப்பு. கொம்பு, ரைபிள் பைபாட், டிரைபாட் கால் போன்ற முனையுள்ள எதுவும் பிளாடர் உறைக்கு நேர் பின்னால் வரக்கூடாது. அடுத்த பகுதியையும் படியுங்கள்.

இறைச்சி ஏற்றியதும் வால்வு வழியாகத் தண்ணீர் பீச்சுகிறது, அல்லது பையே பின்னால் இழுக்கிறது

இன்றைய வேட்டைப் பைகள் பலவற்றில் பையும், சுமையைத் தாங்கும் சட்டமான ஃபிரேமும் தனித்தனி. இரண்டையும் சேர்த்திருக்கும் பட்டைகளைத் தளர்த்தினால் நடுவே ஓர் இடம் திறக்கும். இறைச்சி அங்கே உட்காரும், சாமான் பை வெளியே தள்ளிப் போகும். பிளாடர் உறை பெரும்பாலும் சாமான் பையின் முதுகுப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது. அதனால் இறைச்சியைப் போட்டுப் பட்டைகளை இழுத்துக் கட்டியதும் பிளாடர் இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறது. தண்ணீருக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி வால்வு.

இன்னொரு சேதமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாக அறுத்த இறைச்சி உடம்புச் சூட்டில்தான் இருக்கும், முதல் சில மணி நேரத்தில் அந்தச் சூடு வெளியேற வேண்டும். ஒரு பக்கம் உங்கள் முதுகு, மறுபக்கம் 3 லிட்டர் பிளாடர் ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று போக வழியில்லை. குடிக்கும் தண்ணீரும் வெதுவெதுப்பாகிவிடும்.

இறைச்சி ஏற்றும் முன் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்: பிளாடரை வெளியே எடுங்கள். வயிறு நிறையக் குடியுங்கள், உடன் வந்தவருக்கும் கொடுங்கள். 1 லிட்டரை ஒரு பாட்டிலில் மாற்றிப் பக்கப் பையில் சொருகுங்கள். வழியில் ஓடை இருப்பது உறுதி என்றால் மீதியைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிளாடரின் சுவிட்சை மூடி, சாமான் பையின் மேல்பகுதியில் படுக்கப் போடுங்கள். இறைச்சிக்கு நேர் எதிரே வைக்க வேண்டாம். 1 லிட்டர் என்பது 1 கிலோ. 27 கிலோ தொடைக்கறியைச் சுமந்து இறங்குகிறவருக்கு 2 கிலோ குறைந்தால் முழங்கால் நன்றி சொல்லும்.

அறுக்கும் வேலை நடக்கும்போது குழாயைத் தோள்பட்டையில் தொங்கவிட்டபடி குனியாதீர்கள். வால்வு முனை குடலிலும் ரத்தத்திலும் பட்டுவிட்டு, அடுத்த நிமிடம் வாய்க்குள் போகிறது. பையைக் கழற்றித் தள்ளி வையுங்கள், வால்வுக்கு மூடி இருந்தால் போடுங்கள்.

பின்னால் இழுக்கும் தொல்லைக்கு வருவோம். எலும்பு நீக்கிய கறி பைக்குள் தளர்ந்து அடிக்குச் சரிந்துவிடும். சுமையின் நடுப்பகுதி இடுப்புக்குக் கீழே போனதும், முதுகுக்குப் பின்னால் ஒருவர் தொங்குவது போல இழுக்கும். கறிப் பையின் வாயைக் கறியோடு ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். ஃபிரேமைத் தரையில் படுக்கவைத்து, கறிப் பையை உங்கள் தோள்பட்டை எலும்புகளின் உயரத்துக்கு ஏற்றி, முதலில் அடிப்பட்டையை இழுத்து முட்டுக் கொடுங்கள். பிறகு நடு, பிறகு மேல். எலும்போடு இருக்கும் தொடை என்றால் கனமான முனை மேலே, கால் முனை கீழே. கீழ்முனை ஃபிரேமுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பின்தொடையில் இடிக்காமல் பாருங்கள். வழியே இல்லாத செங்குத்துச் சரிவில், விழுந்த மரங்களைத் தாண்டி இறங்குவதானால் ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டலாம். உயரத்தில் கனம் இருந்தால் அங்கே தலை குப்புறத் தள்ளும்.

வளர்ந்த காளை எல்க் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய கறி மட்டும் சுமார் 80 முதல் 100 கிலோ தேறும். ஒருவர் தனியாக என்றால் நாலு, ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர்க் கணக்கு தனி. வண்டியில் 20 லிட்டர் கேன் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறவர் இரண்டாம் நடையில் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொள்வார்.

ரத்தம் பைக்குள் ஊறுகிறது என்று கறியைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டை அடைத்துவைக்கும், கறி புளித்துப் போகும். காற்றுப் புகும் துணிப்பைதான் கறிக்கு. பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் உங்கள் துணிமணிக்குப் போடுங்கள். பையில் ரத்தம் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கறையைப் பதியவைத்துவிடும்.

பை காலியாக இருக்கும்போதே தோள் வலிக்கிறது

சுமையில் பெரும்பங்கு இடுப்பில் உட்கார வேண்டும், தோள்பட்டை பையைச் சாயாமல் பிடித்திருந்தால் போதும். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் சரியாக உட்காரட்டும், முதலில் அதை இறுக்குங்கள். அடுத்து தோள்பட்டை. கடைசியில், தோளிலிருந்து ஃபிரேமின் உச்சிக்குப் போகும் சின்னப் பட்டை. அது சுமார் 45 டிகிரி சாய்வில் மேல்நோக்கிப் போக வேண்டும். தோளுக்குச் சமமாகவோ கீழாகவோ போனால் ஃபிரேம் உங்கள் முதுகுக்குக் குட்டை. எவ்வளவு இழுத்தாலும் வலி போகாது, ஃபிரேமின் நீளத்தை மாற்றுங்கள். முதுகு நீளத்தை அளக்க, தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு விளிம்பின் உயரம் வரை டேப் வையுங்கள். அளப்பதற்கு இன்னொருவர் வேண்டும், தனக்குத்தானே அளந்தால் தவறும்.

உறிஞ்சினால் தண்ணீர் வரவில்லை

சுவிட்ச் மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பெரும்பாலும் அதுதான். அடுத்து குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, குறிப்பாகப் பையிலிருந்து வெளியே வரும் துளையிலும் தோள்பட்டையின் பக்கிள் அடியிலும். மூன்றாவது, பிளாடரின் அடி மடங்கி வாய்த்துளையை அடைத்திருக்கும். மேலே கொக்கியில் மாட்டாமல் உறைக்குள் சும்மா போட்டால் பாதி காலியானதும் அது சரிந்து மடங்கும். இவை எதுவும் இல்லை, காலையில் மட்டும் வரவில்லை என்றால் குழாயில் பனிக்கட்டி.

குழாய் உறைந்துவிட்டது

அக்டோபர் ரைபிள் சீசனில் 10,000 அடி உயரத்தில் இது அன்றாடம். குழாயில் நிற்கும் தண்ணீர் கொஞ்சம், அதனால் அதுதான் முதலில் உறையும், அதிலும் வால்வு முனை. ஒவ்வொரு தடவை குடித்ததும் குழாய்க்குள் ஊதித் தண்ணீரைப் பிளாடருக்கே திருப்பி அனுப்பினால் குழாய் காலியாக இருக்கும். ஆனால் ஊதிய காற்று பிளாடருக்குள் சேர்ந்து, நடக்கும்போது தளும்பும் சத்தம் வரும். அம்பு எய்யும் தூரத்துக்கு நெருங்குகிறவருக்கு அது ஆகாது.

எனவே இரவு உறைநிலைக்குக் கீழே போகும் நாட்களில் பிளாடரை விட்டுவிட்டு அகன்ற வாய்ப் பாட்டிலுக்கு மாறிவிடுவதே சரி. குறுகிய வாய் சீக்கிரம் உறைந்து அடைக்கும். பாட்டிலைத் தலைகீழாகச் சொருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்து பிடிக்கும், அப்போது மேலே இருப்பது பாட்டிலின் அடி. மூடி உறையாமல் திறக்க வரும். மேலே ஒரு கம்பளிச் சாக்ஸை மாட்டிவிடுங்கள். இரவில் வெந்நீர் ஊற்றித் தூங்கும் பைக்குள் வைப்பதானால் தடித்த, வெந்நீர் தாங்கும் பாட்டிலில் மட்டும். கடையில் தண்ணீரோடு வாங்கும் மெல்லிய பாட்டில் கொதிநீரில் சுருங்கிவிடும்.

வடிகட்டி மெதுவாகிவிட்டது, அல்லது சந்தேகமாக இருக்கிறது

இரண்டும் வேறு வேறு நோய். மெதுவாக வருவது அடைப்பு. நுண்குழாய் வடிகட்டியில் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமிருந்து வேகமாகச் செலுத்தினால் சேறு வெளியேறும். அதற்கு ஊசிக்குழல் வேண்டும், அல்லது உறிஞ்சும் மூடி போட்ட பாட்டிலே போதும். சேற்றுத் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஒரு மணி நேரம் அசையாமல் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் கைக்குட்டை வழியாக ஊற்றி, பிறகு வடிகட்டுங்கள். எல்க் புரளும் சேற்றுக்குழியில் எடுக்க வேண்டாம். காளைகள் அதில்தான் சிறுநீர் கழித்து உடம்பில் பூசிக்கொள்கின்றன. கூட்டாட்சி நிலங்களில் மாடு மேய்வதும் சாதாரணம், குட்டைக் கரையில் சாணம் கிடந்தால் மேலே போய் ஊற்றைத் தேடுங்கள்.

வடிகட்டி வேகமாக வருகிறது என்பது நல்ல செய்தி ஆகாது. ஒரு தடவை நனைந்த நுண்குழாய் வடிகட்டி உறைந்தால் உள்ளே குழாய்கள் வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்பைவிட நன்றாகவே வரும், வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியாக் கிருமியும் கூடவே வரும். உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போடுங்கள். பகலில் சட்டையின் உள்பையில், இரவில் தூங்கும் பைக்குள், ஜிப் கவரில் போட்டு வையுங்கள். வண்டியின் டாஷ்போர்டில் மறந்து வைத்தாலும் இதே கதைதான்.

மாற்று வழி இரண்டு. குளோரின் டையாக்சைடு மாத்திரை, பெட்டியில் எழுதியபடி, வழக்கமாக லிட்டருக்கு ஒன்று. கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் சேர்த்து என்றால் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அயோடின் அந்தக் கிருமியிடம் பலிக்காது. பாட்டில் மரையில் ஒட்டியிருக்கும் பழைய தண்ணீரை மறக்காதீர்கள், மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் கவிழ்த்து மரையையும் நனைத்துவிட்டு இறுக்குங்கள். இன்னொன்று கொதிக்கவைப்பது: தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம், 6,500 அடிக்கு மேலே 3 நிமிடம்.

மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துபோகிறது

பிளாடர் பைக்குள் மறைந்திருப்பதால் மீதி எவ்வளவு என்று தெரியாமல் குடிக்கிறோம். பிளாடரில் 2 லிட்டர், பக்கப் பையில் தொடாத 1 லிட்டர் பாட்டில் என்று பிரித்து வையுங்கள். பிளாடர் வற்றியதும் திரும்பும் நேரம் வந்துவிட்டது, அல்லது ஓடைக்கு இறங்கும் நேரம். ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள், வெயிலில் அதற்கு மேலும் போகும். தண்ணீர் இல்லாத முகட்டில் கூடாரம் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 லிட்டர், சமையலும் சேர்த்து. வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உணவுப் பொட்டலம் ஒன்றே கிட்டத்தட்ட அரை லிட்டர் குடித்துவிடும். அதற்கெல்லாம் தனியாக மடக்கும் 6 அல்லது 10 லிட்டர் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், காலியாக இருக்கும்போது கைக்குட்டை அளவுதான்.

நடந்தால் பை சத்தம் போடுகிறது

அமைதியான அறையில் முழுப் பையோடு இருபது தடவை குதித்துப் பாருங்கள், எது சத்தம் போடுகிறதென்று பட்டியலிடலாம். தளும்பல் என்றால் பிளாடரைக் கவிழ்த்து, குழாய் வழியாகக் காற்றை முழுக்க உறிஞ்சி எடுங்கள். பாதி காலியான தடித்த பாட்டில் தளும்பாமல் இருக்காது, அதனால் எல்க் இருக்கும் பகுதிக்குள் முதலில் பிளாடரையே குடியுங்கள். ஜிப்பின் உலோக நாக்கை வெட்டிவிட்டு 3 மி.மீ. கயிறு கட்டுங்கள். இடுப்புப் பட்டை ஃபிரேமில் சேரும் இடத்தில் 'கிரீச்' வந்தால் கழற்றி மணலைத் துடைத்து மெழுகு தேயுங்கள். வெல்க்ரோ மூடி உள்ள பைகளில் அடிக்கடி எடுக்கும் எதையும் வைக்காதீர்கள்.

தேவையான பொருள் எப்போதும் அடியில்

எந்தப் பொருள் எந்த வேளைக்கு என்று பார்த்து மூன்று சிறு பைகள் போதும், நிறம் வேறு வேறாக. ஆரஞ்சு, அறுக்கும் வேலைக்கு: கத்தி, மாற்று பிளேடு 6, கறித் துணிப்பை 5, நைட்ரைல் கையுறை 2 ஜோடி, 5 மீட்டர் கயிறு, டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கட்ட இன்சுலேஷன் டேப், பேனா. இது பையின் அடியில் இருக்கலாம், அது தேவைப்படும்போது முழுப் பையையும் கொட்டத்தான் போகிறோம். நீலம், தண்ணீருக்கு: மாத்திரை 10, மாற்று வால்வு முனை, ஓ-ரிங், ஒரு சாண் டேப், மடக்கும் பை. சிவப்பு, முதலுதவிக்கு: மேலே, கைக்கெட்டும் இடத்தில். ஹெட்லேம்ப் உச்சிப் பையில். லாக் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள். பைக்குள் தானே எரிந்து தீர்ந்துபோன விளக்கு, அறுப்பு வேலை இருட்டில் தொடங்கும்போதுதான் தெரியவரும். வயோமிங், மொன்டானாவின் கிரிஸ்லி கரடிப் பகுதியில் கரடி ஸ்ப்ரே எந்தப் பைக்குள்ளும் போகக்கூடாது, இடுப்புப் பட்டையில் உறையோடு தொங்க வேண்டும்.

இதோடு இன்னொன்று: பெரிய பை மாட்டினால் ஆரஞ்சுச் சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க மறைந்துவிடும். கொலராடோ ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஆரஞ்சோ பிங்கோ உடையாக இருக்க வேண்டும், தலைக்கு உள்ளதும் அதில் சேர்த்தி. பைக்கு ஆரஞ்சு மழையுறை போடுவது அந்தக் கணக்கில் சேர்க்க அல்ல, பின்னாலிருந்து பார்க்கிறவர் கண்ணில் பட. கொம்பைப் பைமேல் கட்டி இறங்கும்போது கொம்பிலும் ஆரஞ்சு ரிப்பனைச் சுற்றுங்கள்.

தண்ணீரில் வாடை, குழாயில் கறுப்பு

பூஞ்சைக்கு ஈரமும் சர்க்கரையும் வேண்டும். எலக்ட்ரோலைட் பொடியைப் பிளாடரில் கலக்காதீர்கள், பாட்டிலில் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாடைக்கு மட்டும் என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா, ஒரு இரவு ஊறட்டும். கறுப்பு பிடித்த குழாய்க்கு நீளத் தூரிகை போடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் குழாயை மட்டும் மாற்றுங்கள், முழுப் பிளாடரின் விலையில் அது சிறு பங்குதான். சீசன் முடிந்ததும் உள்ளே ஒரு ஹேங்கர் சொருகி விரித்துத் தலைகீழாகக் காயவையுங்கள். காயவைக்கப் பொறுமை இல்லையென்றால் தண்ணீரை வடித்துவிட்டு குழாயோடு சுருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், அடுத்த செப்டம்பர் வரை பூஞ்சை வளராது. எடுக்கும்போது முழுக்க இளகும்வரை மடக்கி விரிக்காதீர்கள், குளிரில் விறைத்த பிளாஸ்டிக் ஒட்டு ஓரத்தில்தான் கிழியும்.